நாகப்பன் தண்ணீர் குடிக்காத பகல்கள்

இசைவாணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வல்லக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூரில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர் அவள். வீட்டில் இருக்கும் முதியோரின் பராமரிப்புக்கு மாநிலம் முழுக்கத் திட்டம் போடுகிறோம், கணக்கெடுத்து வா என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். கவனிக்க ஆளில்லாத முதியவர்கள் பத்துப் பேராவது இருந்தால் அந்த ஊருக்குப் பகலில் ஒரு பராமரிப்பாளர் வருவார்.

ஊரில் முதியவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆளில்லாதவர் ஒருவர்கூட இல்லை என்று கணக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் போனாள், எல்லா வீட்டிலும் ஆள் இருந்தது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் நாகப்பனின் மகன் அன்பு, "நான்தான் பாத்துக்கிறேன், வேற யாரு பாப்பாங்க?" என்றான். பெற்றவரைப் பார்க்க ஆளில்லை என்று எவன் வாய்விட்டுச் சொல்வான்? இதுகூடத் தெரியாத மேதாவிதான் படிவத்தில் 'கவனிக்க ஆள் உண்டா?' என்ற கேள்வியை எழுதியிருக்க வேண்டும்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு நாகப்பனுக்குப் பிரஷர் பார்க்கப் போனாள். வீட்டில் வேறு யாருமில்லை. அவர் உதடு வெடித்திருந்தது. பக்கத்துச் சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இன்னா பெரியப்பா, தண்ணி குடிக்கலியா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. தூக்கினு போவ ஆள் வேணும்ல. அன்பு வரட்டும்."

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது, பாதி தன் மேலேயே.

அடுத்த ஞாயிறு அத்தனை வீடும் மறுபடி ஏறினாள். கேள்வியை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

"அண்ணே, இந்த வாரம் இன்னா ஷிப்ட்டு?"

"ஃபர்ஸ்ட்டு. மேல ஓ.டி. வேற," என்றான் அன்பு. "எம் பொஞ்சாதிக்கும் அதேதான். அஞ்சரைக்கே கம்பெனி பஸ்ஸு."

ஷிப்ட் கேட்டால் யாரும் மழுப்புவதில்லை. படிவத்தின் ஓரத்தில், 'காலை ஐந்தரை முதல் மாலை ஆறு வரை தனியாக இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டாள்.

அன்பு பேனாவைப் பிடித்தபடியே இருந்தான். "இத்த போட்டா நான் பாக்கலன்னு ஆயிடுமே, இசை."

"உங்கப்பா பகல்ல தண்ணியே குடிக்கறதில்ல. தெரியுமா அண்ணே?"

அவனுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டான்.

இருபத்தொரு வீடு அப்படித் தேறியது. படிவ ஓரத்தில் எழுதக் கூடாது என்று கூட்டத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள், பதிலுக்கு இரண்டு மடங்கு கொடுத்துவிட்டும் வந்தாள். நான்கு மாதம் கழித்து மீனம்மாள் என்ற பராமரிப்பாளர் வந்து சேர்ந்தார்.

முதல் நாள் மீனம்மாள் நாகப்பனைத் தூக்கி உட்காரவைத்தார்.

"நீ சாயங்காலம் வரைக்கும் இருப்பியாம்மா?" என்று கேட்டார் நாகப்பன்.

"ஊர்லதான் இருப்பேன் ஐயா. நடுநடுவுல வந்து பாத்துக்குவேன்."

சொம்பை வாங்கி முழுதும் குடித்தார். பிறகு இன்னொரு சொம்பு கேட்டார்.