மறு பரிசோதனைக்கு வரச் சொன்ன கடிதம்

சகோதரிகளே, நான் சொல்லப்போவது என் வயிற்றைப் பற்றி. பெண்கள் மட்டும் கூடும் இடத்தில்கூட இதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. கூச்சம்தான் காரணம். ஆனால் அல்லாஹ் செய்த உதவியை மூடி வைப்பது அதைவிடப் பெரிய வெட்கம் என்று இப்போது தோன்றுகிறது.

1973-ல் நான் இண்டூரைத் தாண்டி ஒரு சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம். நிரந்தரம் ஆகவில்லை. வீடு தர்மபுரியில். என் கணவர் மெத்தை, தலையணை தைப்பவர். காலையில் பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு மைல் நடந்தால் பள்ளிக்கூடம்.

மூன்று பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பு பெருத்துக்கொண்டே போனது. வயிறு தொடைமேல் தொங்கியது. புடவைக்குள் ஒரு துணியைப் போட்டு அதைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் நடப்பேன். பஸ் ஏறும்போது கண்டக்டர், "டீச்சருக்கு ரெண்டு டிக்கெட்டுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தொப்புளில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் அது தேங்காய் அளவு ஆயிற்று. ஆடி மாதம் ஒரு நாள், வகுப்பில் கீழே விழுந்த சிலேட்டை எடுக்கக் குனிந்தேன். உள்ளே யாரோ முறுக்கிப் பிழிந்தது போல் வலி. அங்கேயே வாந்தி எடுத்து விழுந்தேன். தலைமையாசிரியர் ரோட்டுக்கு ஓடிப்போய், புளி மூட்டை ஏற்றி வந்த லாரியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். லாரி குலுங்கியதிலோ என்னவோ, தர்மபுரி வருவதற்குள் வலி நின்றது.

கணவர் என்னைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு சர்ஜனிடம் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "குடல் வெளியே பிதுங்குது. அடுத்த தடவை மாட்டிக்கிட்டா உசுருக்கு ஆபத்து. வெறுமனே தைச்சா இந்த வெயிட்டுக்குத் தையல் நிக்காது. தொங்குற கொழுப்பையும் வெட்டி எடுக்கணும். ரெண்டு மூணு மாசம் வேலைக்குப் போகக் கூடாது" என்றார். அதை அப்படியே சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காகிதத்துடன் லீவு கேட்டு எங்கள் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார்.

"கொழுப்பை எடுக்கறதுன்னு போட்டிருக்குதுங்களே டீச்சர். ஒடம்பு எளைக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டா சர்க்கார் லீவு குடுக்குமுங்களா?"

பின்னால் உட்கார்ந்திருந்த இருவர் சிரித்தது காதில் விழுந்தது.

"குடலிறக்கமும் இருக்குதுங்க" என்றேன்.

"அப்போ அதை மட்டும் சொல்லி வாங்கிட்டு வந்திருக்கலாமுல்ல" என்றார். இருந்தாலும் விண்ணப்பத்தை மேலே அனுப்பினார். இரண்டு மாத மருத்துவ விடுப்பு கிடைத்தது.

புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. வெட்டி எடுத்தது ஒரு வயதுக் குழந்தையின் எடை இருந்ததாக நர்ஸ் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. தொப்பூர் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறி வீடு திரும்பியபோது, எல்லோரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கையை மடியில் வைத்தபடி இருந்தேன். விழுந்தால் விழட்டும் என்று இருந்தது.

தொப்புளுக்குக் கீழே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தையல். அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. கணவர் மெத்தைத் துணியில் நாடா வைத்து ஒரு வயிற்றுக் கட்டு தைத்துக் கொடுத்தார். "இறுக்கமா இருக்குதா?" என்று கேட்பார். "தெரியலைங்க" என்பேன்.

தொழுகையும் அப்படித்தான் ஆயிற்று. குனியக் கூடாது, தரையில் நெற்றி வைக்கக் கூடாது. முக்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் அசைத்துத் தொழுதேன். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை அது. வாய் ஓதியது. மனம் எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வந்து கட்டிக்கொண்டாலும் ஏதோ துணி மேலே பட்டதுபோல்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இரண்டு மாதம் முடியும் நேரத்தில் தையலின் ஒரு மூலை இன்னும் ஈரமாகக் கசிந்தது. சேலத்து சர்டிபிகேட்டை வைத்து இன்னும் இரண்டு மாதம் லீவு கேட்டுத் தபாலில் எழுதினேன். அந்தக் குமாஸ்தா எழுதிய பதில் கடிதம் வந்தது. ஏழு நாளைக்குள் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் முன்னால் மறு பரிசோதனைக்குப் போக வேண்டும். தவறினால் நியமனம் ரத்து.

"போய்க் காட்டிட்டு வந்தரலாம் ஜைத்தூன். என்ன இப்போ" என்றார் கணவர்.

"இன்னும் எத்தனை பேர் முன்னாடிங்க அவுத்துக் காட்டறது?"

அவர் ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டார்.

எனக்குக் குமாஸ்தாவின் மேஜையும் பின்னால் கேட்ட சிரிப்பும்தான் நினைவில் இருந்தன. டாக்டரும் சிரிப்பார், 'நன்றாகத்தான் இருக்கிறாய், வேலைக்குப் போ' என்று எழுதுவார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் அல்லாஹ்விடம் எதையும் கேட்டிருக்கவில்லை. அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டேன். யா அல்லாஹ், இந்தப் பரிசோதனைக்கு நான் போகாதபடி செய். அந்தக் கடிதத்தை ரத்து செய்ய வை. வேறு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் இதையே கேட்டேன். கண்ணீர் இல்லை. பாடம் ஒப்பிப்பது போலக் கேட்டேன்.

தலைமையாசிரியரும் எனக்காக அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். திரும்பும் வழியில் வீட்டு வாசலில் நின்று, "முடியாதுன்னுட்டாங்க டீச்சர். போய்த்தான் ஆகணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்ட துஆ தள்ளப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அதற்கும் மனம் வலிக்கவில்லை. சரி, அதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் குதிரை வண்டியில் போனோம். நடுவயதுப் பெண் டாக்டர். கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டுத்தான் கட்டை அவிழ்க்கச் சொன்னார். சிரிக்கவில்லை. விரலால் ஒவ்வொரு இடமாக அமுக்கினார்.

"இங்க வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க."

இடது பக்கம் ஒரு இடத்தில் அவர் கை நின்றது. மறுபடி அமுக்கினார். என் முகத்தைப் பார்த்தார்.

"இங்கயுமா வலிக்கல? காய்ச்சல் எத்தனை நாளா?"

"காய்ச்சல் இல்லீங்க. அசதிதான்."

தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு என் கணவரை உள்ளே கூப்பிட்டார். "உள்ள ஆழத்துல சீழ் கோத்திருக்குது. இவங்களுக்கு அந்த எடத்துல உணர்ச்சியே இல்ல. வலி தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஓடி வந்திருப்பீங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும். வூட்டுக்குப் போக வேண்டாம். இப்பவே சேர்த்துடுங்க" என்றார்.

கணவர் சுவரில் கை ஊன்றி நின்றார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே புரிந்தது.

அன்று மதியமே கீறிச் சீழை எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் ஊசி. மூன்றாம் நாள் மதியம் கட்டிலில் படுத்தபடியே லுஹர் தொழுதேன். முடித்துக் கை ஏந்தியபோது என்ன கேட்பது என்று தெரியவில்லை. ஒரு வாரமாக என்ன கேட்டேன் என்று யோசித்தேன். இந்த ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது என்று கேட்டிருக்கிறேன். நான் கேட்டதை அவன் கொடுத்திருந்தால், வீட்டில் அசதி என்று படுத்தபடியே முடிந்திருப்பேன். பிள்ளைகள் மூவரும் சின்னவர்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று என் உடம்புக்கே தெரியாதபோது அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் ஏந்திய கையை இறக்க மனம் வரவில்லை. நர்ஸ் வந்து ஊசி போடக் கையைக் கேட்கும்வரை அப்படியே கிடந்தேன்.

அந்த டாக்டரே என் லீவுக்கும் எழுதிக் கொடுத்தார். ஆபரேஷன் அவசியமானது, இவர் நோயாளி, இன்னும் மூன்று மாதம் ஓய்வு வேண்டும் என்று. மறு பேச்சில்லாமல் லீவு கிடைத்தது. கடைசி மாதத்துக்குச் சம்பளம் இல்லை, ஆனால் வேலை போகவில்லை.

பங்குனியில் வேலையில் சேரும் கடிதம் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். அதே குமாஸ்தா. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

"நீங்க என்னை டாக்டர்கிட்ட அனுப்பினதாலதாங்க உசுரோட இருக்கறேன். நல்லா இருங்க" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "உங்க லீவைத் தடுக்கத்தாங்க டீச்சர் நான் மறு பரிசோதனை வேணும்னு மேலே நோட் எழுதி வெச்சேன்" என்றார்.

"தெரியுமுங்க."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வூட்லயும் அடிவயித்துல ஏதோ கட்டின்னு ஆறு மாசமா சொல்றாங்க. நாந்தான் காதுல போட்டுக்கல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவியை அதே டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். திரைக்கு உள்ளே வர அவர் தயங்கினார். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பிடி எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான், பரிசோதனை முடிந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவருக்குச் சின்ன ஆபரேஷன், இப்போது நலமாக இருக்கிறார்.

அதன் பிறகு எத்தனையோ பேருடன் போய்விட்டேன். மறைத்து வைப்பதில் நம் பெண்கள் கெட்டிக்காரிகள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

சகோதரிகளே, கேட்டது கிடைக்கவில்லை என்று துஆவை விட்டுவிடாதீர்கள். மனம் கல்லாகக் கிடந்தாலும் கேளுங்கள். கண்ணீர் வராவிட்டால் வறண்ட கண்ணோடு கேளுங்கள். எனக்குக் கொடுக்காததில்தான் என் உயிரை அவன் கொடுத்தான். அல்ஹம்துலில்லாஹ். உங்களில் யாருக்காவது சொல்ல வெட்கப்படும் நோய் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுக்கு வாருங்கள். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுச் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரைக்கு உள்ளேயும் நான் கூட வருகிறேன்.