சேமியா ஐஸ் பெட்டியில் போன கட்டைவிரல்

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சித்திரையில், மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது அரிவாள் வழுக்கி, என் வீட்டுக்காரரின் இடது கட்டைவிரல் துண்டாகிவிட்டது. ஏணியில் நின்று மிளகு பறிக்கிறவருக்கு இடது கைதான் பிடி. அது போனால் அடுத்த தையில் மிளகு பறிப்பின்போது அவர் கீழே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

விரலை முந்தானையில் முடிந்துகொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். நர்ஸ் அதைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டினார். “பையச் சுத்தி ஐஸ் இருக்கோணும். விரல்ல நேராப் படக்கூடாதுங்க” என்றார். மலையில் ஐஸுக்கு எங்கே போவது? பஸ் நிற்கும் இடத்தில் சேமியா ஐஸ் விற்கிறவர் இருந்தார். விஷயம் கேட்டதும் பெட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். “பொட்டிய அப்பறம் வாங்கிக்கறனுங்க. மொதல்ல பஸ் ஏறுங்க.”

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். இவரா என்று மனதுக்குள் முகம் சுளித்தேன். அவரோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தைத்து முடித்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். ரத்தம் ஓடி விரல் சிவந்திருந்தது.

அதை நான்தான் கெடுத்தேன். யாரும் பார்க்காதபோது கோயில் திருநீற்றைக் கட்டுக்குள் திணித்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் சீழ் நாற்றம். டாக்டர் சாம்பலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டேன்.

“சாமியக் குத்தம் சொல்லலீங்க்கா. திருநீறு நெத்திக்கு. இங்க வேண்டாம்” என்றார். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி மருந்தை மாற்றினார். கெட்ட சதையை இரண்டு முறை வெட்டி எடுத்தார். தினமும் காலையில் அவரே புண்ணைக் கழுவினார். நானாக இருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பேன். பத்து நாளில் காய்ச்சல் நின்றது, விரலும் கையில் நின்றது.

ஆனால் அதில் உணர்ச்சியே இல்லை. மரக்கட்டையை ஒட்டியது போல இருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். மாதம் தவறாமல் மலையிறங்கிக் காட்டினோம். தை பிறந்து, மிளகு பழுக்கத் தொடங்கிய சமயம், டாக்டர் ஊசிமுனையால் விரல் நுனியில் குத்தினார்.

“வலிக்குதுங்க” என்றார் இவர்.

அவர் வலிக்கிறது என்று சொல்லி நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.