ஓட ஓடச் சரியாகாத பிரேக்

காரிமங்கலம் சந்தையன்று என் மோட்டார் சைக்கிளுக்குப் பின் பிரேக் ஷூ மாற்றினேன். சக்கரம் இறுக்கமாகச் சுற்றியது. கேட்டதற்கு மெக்கானிக், "புதுசு அப்படித்தாங்க இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்றான்.

மனைவியை ஏற்றிக்கொண்டு தருமபுரி சாலையில் போகையில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு இருவரும் ரோட்டில் விழுந்தோம். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது.

வேறு கடையில் பிரித்தால், ஷூவை விரிக்கும் அச்சு துருவேறி இறுகிக் கிடந்தது. அதைத் துடைக்காமலே அந்த மகராசன் புதுசை மாட்டியிருக்கிறான். போய்க் கேட்டால், "நீங்க ஏங்க அவ்ளோ அழுத்தி மிதிச்சீங்க?" என்கிறான்!

இப்போதெல்லாம் பிரேக்கை மிதித்து, காலை எடுத்த பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காமல் கடையிலிருந்து வண்டியை எடுப்பதில்லை. மெக்கானிக் முறைத்தால் முறைக்கட்டும். பின்னால் உட்காருவது அவன் பெண்டாட்டி அல்ல.