பட்டு கழுவிய தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று வாரத்தில் அது மூக்கையும் தாண்டிவிட்டது. கலவையிலிருந்து புரதத்தைப் பிரிக்கும் கிரோமட்டோகிராபி கருவியின் திரையில் கோடு எழும்பவே மாட்டேன் என்று தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

நான் தேடியது செரிசின். பட்டு நூலின் மேல் பசையாக ஒட்டியிருக்கும் புரதம் அது. காஞ்சிபுரத்தில் சாயம் ஏற்றுவதற்கு முன்னால் நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அந்தப் பசையை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் சாக்கடைக்குப் போகும். அதிலிருந்து புரதத்தைச் சுத்தமாகப் பிரித்துக் காட்டுவதுதான் என் பிஎச்டி. கேட்க எளிதுதான். கண்ணாடிக் குழாய்க்குள் நேர்மின்னூட்டம் கொண்ட பொடி மணிகள் இருக்கும். செரிசினுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் வழிந்து ஓடிவிடும். பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் ஒட்டியது கழன்று வரும். அப்போது திரையில் ஒரு மேடு, அதாவது 'பீக்', எழும்ப வேண்டும்.

எழும்பினால்தானே! மணிகளைத் திட்டினேன். புது மணி நிரப்பினேன். பம்ப்பை ஓங்கித் தட்டினேன். அதற்காக டெக்னீஷியன் என்னைத் திட்டினார். வழிகாட்டி மேடம் மட்டும் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை கமிட்டிம்மா. அதுக்குள்ள ஒரு பீக் காட்டலைன்னா தலைப்பையே மாத்திடலாம்" என்றார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம். தலைப்பை மாற்றினால் இரண்டு வருஷ வேலை போச்சு.

தண்ணீர் தந்தது ஓரிக்கைப் பக்கம் ஒரு சாயப் பட்டறைக்காரர். கேனை நிரப்பி வாசலில் வைத்திருப்பார், நான் ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு பறந்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை சீக்கிரமே போய்விட்டதால் உள்ளே எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக நுரைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நூல் கட்டுகளை ஒவ்வொரு தொட்டியாக அலசிக்கொண்டே போனார். மூன்றாவது தொட்டியில், குடிக்கலாம்போல இருந்த தண்ணீரில் என் கேனை முக்கினார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க?"

"ஒனக்குத்தான்மா தண்ணி புடிக்கிறேன்."

"இதையா மூணு வாரமா குடுத்துக்கினு இருக்கீங்க?"

"பட்டு கழுவுன தண்ணி வேணும்னு நீதானே கேட்ட? இதான் கழுவுன தண்ணி."

"அப்ப பசை இருக்கற தண்ணி?"

சாக்கடையைக் காட்டினார். "அது வேக வெச்ச தண்ணி. அத யாரு கேட்டா?"

கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்: "சும்மா கத்தாதம்மா. காலேஜுக்குப் போவுது, அழுக்கா குடுத்தா நம்ம பட்டறைய இன்னா நெனப்பாங்கன்னுதான் மூணாந் தொட்டியில புடிச்சேன்."

லேபில் எங்களுக்கு எல்லாமே 'வாஷ்'தான். அதை அப்படியே 'கழுவுன தண்ணி' என்று கேட்டுவைத்தது நான். பட்டறையில் வேகவைப்பது வேறு, கழுவுவது வேறு. தப்பு முழுக்க என்னுடையது என்று அங்கேயே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. "நாளைக்கு எனக்கு அந்த அழுக்குதான் வேணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

புதன்கிழமை வந்த கேனை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் திறந்தேன். எப்போதும்போல ஜில்லென்ற ஆல்கஹாலை ஊற்றியதும், இந்த முறை புரதம் வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்தது. சோப்பு ஆல்கஹாலோடு போனது. படிந்ததைக் கரைத்து, மிச்ச சோடாவும் போவதற்காக டயாலிசிஸ் பையில் ஊறவிட்டேன். வியாழக்கிழமை குழாயில் ஏற்றி உப்பைக் கூட்டினேன். கோடு அசைந்தது. அப்புறம் எழுந்தது, எழுந்துகொண்டே போனது! நான் போட்ட கூச்சலில் பம்ப் வெடித்துவிட்டதோ என்று டெக்னீஷியன் ஓடிவந்தார்.

வெள்ளிக்கிழமை, கமிட்டிக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்த மேட்டை வெகுநேரம் பார்த்தார். "இது பட்டுப் பசைதான்னு எப்படிச் சொல்றீங்க? உங்க ஆல்கஹால்லேருந்தோ டயாலிசிஸ் பையிலேருந்தோ வந்ததா இருக்கலாம். உங்க மணியிலேருந்தே ஏதாவது கழண்டு வந்திருக்கலாம்."

மேடத்தின் முகம் மாறியது. அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று வாரக் கோப்புகளைத் திறந்தேன். அதே பட்டறை, அதே ஆல்கஹால், அதே மாதிரிப் பை, அதே குழாய். பசை மட்டும் இல்லை. ஒன்பது முறை ஓட்டியதில் ஒன்பதும் தட்டைக் கோடு.

"இதெல்லாம் கன்ட்ரோல், சார். பசை இல்லாம ஓட்டிப் பாத்தது; வேற எதுலேருந்தாவது வந்திருந்தா இதுலயும் மேடு தெரிஞ்சிருக்கும்."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ரொம்ப யோசிச்சுப் பண்ணியிருக்கீங்க. தொடர்ந்து செய்யுங்க."

மேடம் சிரிப்பை அடக்க மேஜையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். நான் வெட்கமே இல்லாமல் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

சாயங்காலம் நேராகப் பட்டறைக்குப் போனேன். "அண்ணா, அன்னிக்கு நான் கத்துனது தப்பு. நீங்க குடுத்த நல்ல தண்ணி இல்லன்னா இன்னிக்கு நான் மாட்டிக்கினு இருப்பேன்."

நூல் உலர்த்திக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பிப் பார்த்தார். "அதுல ஒண்ணுமே இல்லன்னுதானே அந்தக் கத்து கத்துன?"

"ஒண்ணும் இல்லாததுதான்க்கா வேணும்னு கேட்டாங்க."

பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோ பாரும்மா, இப்பவாவது சரியா சொல்லிடு. திங்கக்கெழமைக்கு எந்தத் தண்ணி?"

"ரெண்டும்ணா."

"அப்ப இன்னொரு கேன் எடுத்தாந்துடு" என்றார்.