பெட்டிச் சோறும் அத்தானின் நாக்கும்

என் அக்கா புருஷனுக்குச் சாப்பிடுவதுதான் உத்தியோகம். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் வயிறெரிவார்கள். அதற்கும் அப்புறம், அங்கே இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று மெதுவாக விசாரிப்பார்கள். சமைத்த சாப்பாட்டை உறைய வைத்து, பெட்டியில் அடைத்து விற்கும் தொழிற்சாலையில் அத்தான் ருசி பார்ப்பவர். கடையிலிருந்து வாங்கி வந்து, மைக்ரோவேவில் சுட வைத்து, பிளாஸ்டிக் தாளை உரித்துச் சாப்பிடுகிறோமே, அந்தப் பெட்டிதான்.

தொழிற்சாலையின் ருசி அறையை ஒரு தடவை எனக்குக் காட்டியிருக்கிறார். சுவர் நெடுக மைக்ரோவேவ் அடுப்புகள். புதுசு, பழசு, தட்டு சுற்றாதது, கதவை முழங்கையால் இடித்து மூட வேண்டியது. ஜனங்கள் வீட்டில் என்னென்ன லட்சணத்தில் அடுப்பு வைத்திருப்பார்களோ அத்தனை லட்சணமும் அங்கே இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. பெட்டியின் முதுகில் அச்சடித்திருப்பதை அப்படியே செய்ய வேண்டும். தாளின் ஓரத்தைக் கொஞ்சம் கிழிக்கணும், பாதியில் எடுத்துக் கிளறணும், மறுபடி வைக்கணும், எடுத்ததும் சற்று ஆற விடணும். நானெல்லாம் அந்த எழுத்தைப் படித்ததே இல்லை. அத்தான் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்.

பிறகு மூன்று பேர், ஆளுக்கொரு தடுப்புக்குள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு ஸ்பூன் சாப்பிடுவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூடாது. பக்கத்து ஆள் முகத்தைச் சுளித்தால் இந்த ஆளின் நாக்குக்கும் அது தொற்றிக்கொள்ளுமாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, மாதிரிப் பெட்டியோடு ஒத்துப்போகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது, இல்லை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

"அதெல்லாம் வாங்கறவங்க சொல்ல வேண்டியதும்மா. நாங்க எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் அத்தான், ஏதோ கோர்ட்டில் சாட்சி சொல்வது போல.

இது தொழிற்சாலையோடு நின்றிருந்தால் எனக்கென்ன? மனுஷர் இதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்.

அக்கா சமையலில் கெட்டிக்காரி. அவள் வெறும் பருப்பை வேக வைத்தாலும் மாடிப்படி வரைக்கும் வாசனை வரும். அத்தான் வேலை முடிந்து வந்து, கை கழுவி, சுவர்ப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். வயிறு ஏற்கெனவே பெட்டிச் சோற்றால் ரொம்பியிருக்கும். இரண்டு ஸ்பூன் சாப்பிடுவார், கண்ணை மூடிக்கொண்டு.

"எப்படி இருக்கு?"

"ம்."

கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்குக் கிடைத்த பாராட்டு அந்த ஒற்றை எழுத்துதான். "எவன் வீட்டுச் சோத்துக்கோ காலையிலேர்ந்து வாயத் தொறக்கறாரு. என் சோத்துக்கு மட்டும் ம்" என்று என்னிடம் அழாக்குறையாகச் சொல்வாள். எந்தப் பெண்ணையும் பார்த்து அவள் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்குச் சக்களத்தி அந்தப் பெட்டிதான். பெட்டி என்ன, மைக்ரோவேவைக் கூட அவள் வீட்டுக்குள் விட்டதில்லை. அந்தச் சாப்பாட்டை ஒரு தடவையாவது நாக்கில் வைத்துப் பார்த்ததும் இல்லை. "பொணம் மாதிரி வெறச்சுக் கிடக்கறத மனுஷன் திம்பானா?" என்பாள்.

நான் தின்பேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை என்னுடையது. பகலெல்லாம் அடுத்தவர் வாய்க் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு அடுப்பை மூட்ட என்ன தலையெழுத்து? வெங்காயம் நறுக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம், யாரிடமும் போய் எப்படி இருக்கு என்று பல்லைக் காட்ட வேண்டாம். பட்டாணி பச்சை மாறாமல் இருக்கும். உருளைக்கிழங்கு மசியலில் ஒரு கட்டி கூட இருக்காது. கோழியைத்தான் தேட வேண்டும். பெட்டியின் மேலே படத்தில் கூட்டமாக இருக்கும், உள்ளே ஓரமாக ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். போகட்டும், படத்தில் இருப்பது போல நேரில் யார்தான் இருக்கிறோம்?

போன குளிர்காலத்தில் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தார். அதற்கப்புறம்தான் அக்காவின் போன்கள் ஆரம்பித்தன.

"ஏண்டி, உங்க அத்தான் இன்னைக்கு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

மறுநாள்: "நல்லா இருக்குன்னாரு. வாயத் தொறந்து சொன்னாரு. நாற்காலியக்கூட என் பக்கமா திருப்பிப் போட்டுக்கிட்டாரு."

அதற்கும் மறுநாள்: "புளிப்பு ஒரு துளி தூக்கலா இருக்குன்னாரு பாரு, எனக்கும் அதேதான் தோணிச்சு!"

புது வாணலி வாங்கினாள். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டாள். போனில் அவள் குரல் கல்யாணத்துக்கு முந்தின குரலாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கூடவே, காய்ச்சல் வந்து புத்தி தெளிந்த ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதென்று அத்தானை வரச் சொன்னேன். வேலை முடிந்ததும் பசிக்கிறது என்றார். ஃப்ரீஸரிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துச் சுட வைத்தேன். சுவருக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் இரண்டு நாளுக்கு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிறகு நல்ல பிள்ளையாகத் திரும்பச் சொருகிவிட்டுப் போயிருந்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு வாய்தான் வைத்தேன். துப்ப ஓடினேன். வாயைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் அத்தான் பெட்டியின் மூலையை வழித்துக்கொண்டிருக்கிறார்.

"அத்தான்! எப்படி இருக்கு?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "நல்லா இல்ல" என்றார், நிதானமாக.

"முழுசையும் தின்னுட்டா இதச் சொல்லுவாங்க? கெட்டுப்போனது அத்தான் அது!"

ஸ்பூனைக் கீழே வைத்தார். அவர் முகம் சுண்டிப்போனது.

"காய்ச்சலோட போயிடுச்சும்மா. மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. எதப் போட்டாலும் சூடா இருக்கு, ஈரமா இருக்கு, அவ்வளவுதான் தெரியுது. வேலையில பட்டாணித் தோலு, சோத்துப் பதம், இத பல்லால பாத்து ஒப்பேத்திக்கிட்டிருக்கேன்."

"வீட்டுல? புளிப்பு தூக்கல்னு எல்லாம் சொன்னீங்களாமே?"

"உங்கக்கா மொகத்தப் பாத்துச் சொல்றேன்" என்றார். "மொதல் வாய் வெச்சதுமே தெரிஞ்சிடும். புளிப்புன்னா ஒரு புருவம் மட்டும் மேல போகும். உப்பு கம்மின்னா கீழ் உதட்ட மடிச்சுக்குவா. நல்லா வந்திருந்தா கண்ண ஒரு தடவ மூடித் தொறப்பா. இத்தன வருஷமா இதெல்லாம் நான் பாத்ததே இல்ல. பாக்கப் பாக்க இன்னும் ரெண்டு வாய் சாப்பிடலாம்னு இருக்கு. அவகிட்ட சொல்லிடாதம்மா. சந்தோஷமா இருக்கா."

மச்சினி என்கிற உரிமையில் அவரை எத்தனையோ கேலி பண்ணியிருக்கிறேன். அன்றைக்கு எழுந்து போய் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன்.

வயிறு சும்மா விடுமா? அன்று சாயங்காலமே ஆரம்பித்து மறுநாள் வரை அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது. எழுந்து நடமாட முடிந்ததும் நேரே மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. "கெட்டது தெரியாத வாயி அங்க எதுக்கும்மா? குழந்தைங்க சாப்பிடற சாமான்" என்றார். மூக்கு திரும்பும் வரைக்கும் குளிர்கிடங்கில் இருக்கச் சொன்னார்கள். பெட்டிகளை அடுக்குகிற இடம். கம்பளிக் குல்லாய் எதற்கு என்று அக்கா கேட்டதற்கு, ருசி அறையில் ஏசியைக் கூட்டிவிட்டார்கள் என்று சொல்லி வைத்தார்.

என் வாயில் எதுவும் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். இது நின்றது. அக்கா தினமும் போனில் அளந்துகொண்டிருக்க, நான் "ஓஹோ, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

குட்டு உடைந்தது ஒரு கடைவாய்ப் பல்லால். ஒரு நாள் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கடைசியில் கிண்ணங்களில் கஸ்டர்ட் வைத்தாள். அவள் முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் இனிப்பு போய்ச் சொத்தைப் பல்லில் ஏறியிருக்க வேண்டும். முகம் கோணியது, உஸ் என்று காற்றை இழுத்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, பொறுப்பாக மென்று, விழுங்கினார்.

"காரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

அக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "எதுல?"

"இதுல."

"இது கஸ்டர்ட்டுங்க."

அத்தான் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மேஜைத் துணியைப் பார்த்தேன். பிடிபட்ட பிறகு அந்த ஆளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குல்லாய் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். புருவம், உதடு, கண் என்று என்னிடம் சொன்னதெல்லாம் "உன் மொகத்தப் பாத்துச் சமாளிச்சேன்" என்று ஒரே வரியாக வந்தது. கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியதை மச்சினியிடம் சொல்லி முடித்துவிட்டு அங்கே போய் மென்று விழுங்குகிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்ப ஒரு நாளும் நெசமா ருசிச்சதில்ல" என்றாள் அக்கா. "நல்லா இருக்குன்னதெல்லாம் நாடகம். இவளுக்கும் தெரியும். ரெண்டு பேருமா சேந்து நல்லா முட்டாளாக்கினீங்க என்னை."

எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அத்தோடு சமையலை நிறுத்திவிட்டாள். அத்தான் ரொட்டியும் வாழைப்பழமுமாகக் காலத்தை ஓட்டினார். அக்கா பல்லைப் பிடுங்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் என்னிடம் மூச்சு விடவில்லை. டாக்டர் பஞ்சை வாயில் அடைத்து அனுப்பினார். பேசாமலிருக்க அவளுக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

பஞ்சை எடுத்ததும் போன் வந்தது.

"உன் வீட்டுல அடுக்கி வெச்சிருக்கியே, அந்த வெறச்ச சனியன், அதுல மூணு கொண்டா. ருசி தெரியாத மனுஷனுக்கு எதப் போட்டா என்ன? நானும் அதையே திங்கறேன். எனக்குன்னு தனியா உலை வெக்கணுமா?"

அவள் வீட்டில்தான் மைக்ரோவேவே கிடையாதே. என்னுடையதைக் கம்பியோடு சுருட்டி, குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் போனேன். அக்கா தட்டைக் கூட வைக்கவில்லை. அத்தான்தான் சுட வைத்தார். தாளின் ஓரத்தைக் கிழித்தார், பாதியில் எடுத்துக் கிளறினார், ஆற விட்டார். நாங்கள் ஸ்பூனும் கையுமாகக் காத்திருந்தோம். கோழியும் உருளைக்கிழங்கு மசியலும்.

அக்கா மசியலில் ஒரு ஸ்பூன் எடுத்து, மருந்து குடிப்பவளைப் போல வாயில் போட்டாள். அடுத்த ஸ்பூனை அவ்வளவு வெறுப்பில்லாமல் எடுத்தாள். அதற்கும் அடுத்ததில் அவள் கண் ஒரு தடவை மூடித் திறந்தது. அத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"உனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அத்தான்.

"ஒண்ணும் இல்ல."

"உருளக்கிழங்கு பிடிச்சிருக்கு. கோழி அவ்வளவா இல்ல. காரம் பிடிச்சா மூக்கத் தொட்டுக்குவ, அதுவும் இல்ல. ஆனா உருளக்கிழங்கு ரொம்பவே பிடிச்சிருக்கு. வாணலி வாங்கின அன்னைக்குக் காளான் வதக்கினியே, அன்னைக்கும் இதே மொகந்தான்."

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். பல் பிடுங்கிய வாயோடு, ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே அழுதாள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு என்ன பிடிக்கும், அத்தானுக்கு என்ன ஒத்துக்கொள்ளும், வந்து போகிற பிள்ளைகள் எதைத் தொட மாட்டார்கள், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கூடப் பிறந்த எனக்கே தெரியாது.

அத்தான் பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? எனக்கும் கண்ணில் தண்ணீர்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் ருசி தெரியாதே" என்றாள். "அந்த உருளக்கிழங்க இந்தப் பக்கம் தள்ளுங்க."

அத்தான் ஒரு துளி விடாமல் வழித்து அவள் பெட்டியில் போட்டார்.