ஈய முத்திரையின் மறுபக்கம்

துபாயில் கண்காட்சி செட்டிங் செய்யும் கம்பெனி ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். அல் குசைஸ் லேபர் கேம்ப்பில் தங்கல். சேர்ந்த புதிதில் ஒரு ஹாலில் பழைய ஈய முத்திரைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கும் டியூட்டி வந்தது. பட்டன் அளவுதான் இருக்கும். அந்தக் காலத்துக் கிழக்கு ரோம ராஜ்யத்தில் மாகாண கவர்னர்களும் பிஷப்புகளும் கடிதத்தில் கட்டித் தொங்கவிட்டவையாம். ஒரு பக்கம் மாதா உருவம், மறுபக்கம் எழுத்து.

எழுத்துப் பக்கம் மேலே தெரிய வேண்டும் என்பது ஆர்டர். கிளவுஸ் போட்டு முதல் முத்திரையை எடுத்தேன். மாதாவைக் குப்புற வைக்கக் கை வரவில்லை.

சூப்பர்வைசர் ராஜன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். "என்ன, ஏன் நிக்கிறீர்? பின்னேரம் திறப்பு விழா."

"சாமி முகத்தைத் தரையில வைக்கச் சொல்றீங்களேண்ணே."

"இது உங்கட ஊர் அம்மனோ?"

"யாரா இருந்தா என்னண்ணே, தாயில்ல."

"வேலை முடியாட்டி கம்பெனி ரெண்டு பேரையும் கலாஸ் பண்ணி, கணக்கு முடிச்சு ஊருக்கு அனுப்பும். அங்க போய் நீர் தாயைக் கும்பிடும்."

அவர் சொன்னது விளையாட்டல்ல. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அப்படியும் கை அசையவில்லை.

கண்காட்சிப் பொறுப்பாளர் மேடம் வந்துவிட்டார். கிரேக்க நாட்டுக்காரர். அண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தை இங்கிலீஷில் சொன்னார். மேடம் கோபப்படவில்லை. முத்திரையை வாங்கித் திருப்பி, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்து இங்கிலீஷில் பொருள் சொன்னார். அண்ணன் அதைத் தமிழில் சொன்னார்.

"'மாதாவே, உம்முடைய அடிமைக்கு உதவி செய்யும்' எண்டுதான் தொடங்குதாம். பிறகுதான் ஆளின்ர பேர். கவர்னர் எண்டது கடைசியில."

"பிஷப்போடது?"

கேட்டுச் சொன்னார். "அவரும் அடிமைதானாம்."

ஒரு மாகாணத்தையே ஆண்டவர், கடிதம் அனுப்பும்போதெல்லாம் அப்படித்தான் தன்னைச் சொல்லியிருக்கிறார். நான் வெறும் பேரும் பதவியும் என்று நினைத்த பக்கம் முழுக்க வேண்டுதல். அது மேலே இருக்கட்டும் என்று மனசு சமாதானமானது.

"இப்ப திருப்புவீரோ, இல்ல மாதாவிட்ட பெர்மிஷன் கேக்கோணுமோ?"

"கேட்டுட்டேண்ணே."

திறப்புக்கு முன்பே பெட்டியைப் பூட்டினோம்.

பின்னாளில் நானும் ஃபோர்மேன் ஆனேன். வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் கற்றதைச் சொல்வேன்: பதவி கடைசியில் வரட்டும். ஊர் திரும்பும்வரை தினமும் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டும் முன், "முருகா, உன் அடிமைக்கு உதவு" என்று சொல்லி என் பேரைச் சொல்வேன். ஃபோர்மேன் என்பதை அவனிடம் சொன்னதில்லை.