வாத்தின் கழுத்தில் விழுந்த விரிசல்

உடைந்த பொருள் எதைக் கண்டாலும் வேல்விழிக்குக் கை பரபரக்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் அவளுக்கு லேசர் வெல்டிங் வேலை. கார் கைப்பிடி, செல்போன் உறை, பல் துலக்கும் பிரஷ் என்று பிளாஸ்டிக்கில் எதை வார்த்தாலும் அதற்கு ஓர் எஃகு அச்சு வேண்டும். அச்சின் ஓரம் மூளியானால் அதிலிருந்து வரும் சரக்கு அத்தனையும் மூளி. மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமுடி கனமே உள்ள கம்பியை ஒரு கையில் பிடித்து, காலால் பெடலை மிதித்து மிதித்து அந்த மூளியைப் பொட்டுப் பொட்டாக நிரப்புவாள். நிரப்பிய இடம் மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால், "பாத்தியளா! எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம்!" என்று பட்டறையே அதிரக் கூப்பாடு போடுவாள். அடக்கமாக இருக்கத் தெரியாதவள். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினாள். சில வருஷங்கள் போன் பொருத்தும் லைனில் நின்றாள். கம்பெனியை மூடியபோது ஹாஸ்டலில் கூட இருந்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இவள் மட்டும் வல்லத்தில் அச்சுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தேய்க்கிற நேரமெல்லாம் பார்வை மூலையில் இருந்த லேசர் மெஷின் மேலேயே இருக்கும். அதை ஓட்டியவன் ஒரகடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போன அன்றைக்கு, முதலாளி வசந்தகுமார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவள் நேராகப் போய், "நான் போடுதேன் சார்" என்றாள். முதல் வாரமே ஓர் அச்சைப் பாழாக்கினாள். வசந்தகுமார் கத்தித் தீர்த்தார். ஆனாலும் அவளை மெஷினை விட்டு எழுப்பிவிடவில்லை. இப்போது வாடிக்கையாளர்கள் போன் போட்டு, "அந்தத் திருநெல்வேலி அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கவிப்பிரியா வந்து சேர்ந்தாள். உள்ளூர்ப் பெண். பக்கத்துக் கார் பாகங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்பவள். நீலச் சட்டை யூனிபார்மோடு, கையில் கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இத்த ஒட்ட முடியுமா பாரேன்."

கைக்குட்டைக்குள் இரண்டு துண்டாக ஒரு மெல்லிய இரும்புப் பட்டை. வளைந்து, ஓரங்கள் தேய்ந்து, கருநீலமாக மின்னியது.

"என்னதுட்டி இது? அலமாரிக் கைப்பிடியா?"

"துப்பாக்கிக்கா."

வேல்விழியின் வாய்க்குப் போன சோற்று உருண்டை பாதியில் நின்றது. உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தகுமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்.

"இன்னாது? துப்பாக்கியா? தோ பாரும்மா, இந்த வேலையே வோணாம். நாளிக்கு போலீசு வந்து நின்னா யாரு பதில் சொல்றது?"

கவிப்பிரியா அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். அவள் அப்பா நடேசன் வயலில் பன்றி விரட்ட வைத்திருந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி அது. வயல் போய் பேக்டரி வந்த பிறகு லைசென்ஸை முறையாகத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு, கிளப்பில் சேர்ந்து, பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டைப் பழகியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வுப் போட்டி. புதன்கிழமை பயிற்சி முடிந்து, தோட்டா இல்லாத துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்போது கை நழுவி சிமெண்டுப் படியில் விழுந்துவிட்டது. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசையைச் சுற்றிக் காவலாக இருக்கும் இந்தப் பட்டை மட்டும் படீரென்று ஒடிந்தது. பட்டை இல்லாத துப்பாக்கியோடு யாரையும் களத்தில் இறக்க மாட்டார்கள். இரவல் துப்பாக்கி எல்லாம் அவள் தோளுக்கு நீளம்.

"புதுசா வாங்கிப் போட்டா இன்னா?" என்றார் வசந்தகுமார்.

"செஞ்ச கம்பெனியே இப்ப இல்லண்ணா."

சென்னையில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் பகலவனுக்கு அங்கிருந்தே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "துப்பாக்கி என்கிட்ட பூட்டி இருக்கு சார்" என்றார் பகலவன். "நான்தான் கழட்டிக் குடுத்தேன். அது வெறும் பட்டை. அத்த வெச்சு ஒரு காக்காவக் கூட விரட்ட முடியாது. ஒட்டினதுக்கப்புறம் நானே மாட்டி, நானே பார்த்து, சரின்னு பட்டாத்தான் அந்தப் பொண்ணு கையில குடுப்பேன்."

வசந்தகுமார் பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பியபோது, வேல்விழி பாதிச் சாப்பாட்டோடு கையைக் கழுவிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவள் 'ஹை' என்று கத்தினாள். வெறும் கண்ணுக்கு அழுக்குக் கோடு போலத் தெரிந்தது உள்ளே ஒரு தோட்டமாக விரிந்தது. கொடி, இலை, நாணல், நாணலுக்கு நடுவே இறக்கையை விரித்து எழும்பும் ஒரு வாத்து. எவனோ ஒருவன் கையாலேயே செதுக்கியிருக்கிறான். ஒடிந்த இடம் சரியாக வாத்தின் கழுத்து. தலை ஒரு துண்டில், உடம்பு ஒரு துண்டில்.

"ஏ பிள்ள, இங்க வந்து பாரு! இதுல வாத்து இருக்கு!"

கவிப்பிரியாவும் குனிந்து பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தொட்டுப் புழங்கிய துப்பாக்கி. அதில் ஒரு வாத்து இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கலங்கிய கண்ணோடு அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில், வழக்கமாக அச்சுக்குப் போடும் கெட்டிக் கம்பியையே எடுத்துப் பொட்டு வைத்தாள் வேல்விழி. தங்க நகை ஒட்டியது போல வந்தது. எழுந்து, "வசந்தகுமார் சார், வந்து பாருங்க, எங்க ஒடிஞ்சதுன்னு சொல்லுங்க!" என்று கூப்பிட்டாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

டிக்.

நகம் வெட்டும் சத்தம்தான். ஆனால் இருவர் காதிலும் விழுந்தது. ஒட்டிய இடத்தின் ஓரமாக ஒரு மயிரிழை விரிசல், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாத்தின் கழுத்தைச் சுற்றி ஓடியது.

வேல்விழி பட்டையை மறுபடி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தாள். புது எஃகுதான் அவளுக்குப் பழக்கம். எந்த எஃகு, எவ்வளவு கெட்டி என்று ஒவ்வொரு அச்சுக்கும் சீட்டு வரும். இந்தப் பட்டைக்கு எந்தச் சீட்டு? எந்தத் தேசத்தில், எந்த உலையில் வெந்ததோ!

"திருப்பிக் குடுத்துடும்மா" என்றார் வசந்தகுமார். குரலில் கோபம் இல்லை. "நம்மால ஆவலன்னு சொல்லிக்கலாம். அந்தப் பொண்ணு புரிஞ்சுக்கும்."

"சார், ஒரு டீ குடிச்சிட்டு வாறேன்."

டீக்கடைக்குப் போனாள். டீயைக் குடித்தாளா என்று அவளுக்கே நினைவில்லை. உடைந்த இரண்டு விளிம்பையும் மனசுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நடுவில் சாம்பல் நிறம், மேலே மெல்லிசாக ஒரு வெள்ளைத் தோல். மேலே கெட்டி, உள்ளே மெது. மேல்தோலை மட்டும் காய்ச்சிக் கெட்டியாக்கியிருக்கிறான் செய்தவன். அந்தக் கெட்டித் தோலோடு இவளுடைய கெட்டிக் கம்பியும் சேர்ந்தால்? இரண்டும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காது. சூடு ஆறி இழுக்கும்போது ஒன்று கிழியத்தான் செய்யும். நடுவில் வளைந்து கொடுக்கிற ஓர் ஆள் வேண்டும்.

"நிக்கல்!" என்று அவள் கத்தியதில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாரி டிரைவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

ஓடி வந்தாள். காலையில் ஒட்டியதை அறுத்துப் பிரித்து, விளிம்பில் இருந்த கெட்டித் தோலைக் கொஞ்சமாகச் சீவி எடுத்தாள். பழைய பெட்டியைக் குடைந்து மிருதுவான நிக்கல் கம்பியைக் கண்டுபிடித்தாள். அச்சைச் சூடாக்கும் தட்டில் பட்டையை வைத்து, கை வைத்தால் சுடும் பதத்துக்கு வந்த பிறகு, முன்பு போட்டதில் பாதி வேகத்தில் பொட்டு வைத்தாள். இரண்டு பொட்டு இந்தப் பக்கம், இரண்டு பொட்டு அந்தப் பக்கம். நடுவில் நிறுத்தி மூச்சு விட்டாள். வசந்தகுமார் ஒரு வாடிக்கையாளரின் போனைக் கூட எடுக்காமல் பின்னால் நின்றார். முடிந்ததும் பட்டையைச் சுட்ட மணலுக்குள் புதைத்து, தானாக ஆற விட்டாள்.

காத்திருந்த நேரம்தான் பெரும்பாடு. இருவரும் மணல் டப்பாவின் மேல் காதை வைத்து ஆளுக்கொரு பக்கம் குனிந்திருந்தார்கள். கூரியர் கொண்டு வந்தவன் அவர்களைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், உள்ள குருவி கீதா?" என்று கேட்டான்.

சத்தம் வரவில்லை.

ஆறிய பட்டையை எடுத்து, விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவி, துடைத்து, மைக்ரோஸ்கோப்பில் ஓரம் ஓரமாகப் பார்த்தாள். விரிசல் எங்கும் இல்லை. மேடாக இருந்ததை அரம் போட்டு இறக்கினாள். பிறகு வந்தது ஆசை. வெறுமையாகக் கிடந்த கழுத்தில் கோடு இழுத்து வாத்தை முழுசாக்கிவிடலாமே! ஊசி அரத்தின் நுனியால் கீறினாள். கீறி முடித்துப் பார்த்தபோது கழுத்து கொஞ்சம் குட்டையாகப் போயிருந்தது.

சாயங்காலம் ஷிப்டு முடிந்து ஓடி வந்த கவிப்பிரியா மைக்ரோஸ்கோப்புக்குள் பார்த்துவிட்டு, "அக்கா, நேத்து வாத்தாத்தானே இருந்துச்சு? இப்ப கோழியாட்டம் கீதே!" என்றாள்.

"கோழியும் பறக்கும்ட்டி. போ, போய் மாட்டச் சொல்லு!"

சனிக்கிழமை பகலவன் பட்டையை மாட்டினார். அழுத்தினார், ஆட்டினார், தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்தார். பிறகு வேல்விழிக்குத் தானே போன் போட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "நிக்குதும்மா."

ஞாயிற்றுக்கிழமை வேல்விழியும் புருஷன் மகாராஜாவும் சுடுதளத்துக்குப் போனார்கள். மகாராஜா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து பேக்டரிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். ஒரு நாள் சவாரியை விட்டுவிட்டு, அதே ஆட்டோவில் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வெயிலில் நடேசன் வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்ப்பதும், மண்ணைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வேல்விழி துப்பாக்கியை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மரக்கட்டை, இரண்டு நீளக் குழல், அடியில் தன் பட்டை. மற்றப் போட்டியாளர்கள் பளபளக்கும் புதுத் துப்பாக்கியோடு நின்றார்கள். கவிப்பிரியா மூச்சை இழுத்துவிட்டு, "புல்!" என்று கத்தினாள். 'இழு' என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பள்ளத்திலிருந்து ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று விர்ரென்று சீறி எழுந்தது.

டமார்! தட்டு தூளாகி உதிர்ந்தது.

வேல்விழி காதைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். அடுத்த தட்டு தப்பியது. அதற்கடுத்தது தூள். மறுபடி தூள். நேரம் போகப் போக ஒவ்வொருவராகப் பின்தங்கி, கடைசியில் அணியில் மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றார்கள். ஒருத்தி கவிப்பிரியா. இனி மாறி மாறிச் சுட வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு குழலையும் சுடலாம்; இரண்டிலும் முதலில் தப்பவிடுபவர் வெளியே.

எதிராளி சுட்டாள், தூள். கவிப்பிரியா சுட்டாள், தூள். மறுபடியும் அப்படியே. பிறகு எதிராளியின் தட்டு ஒரு கீறல் கூடப் படாமல் தூரத்துப் புல்லில் போய் விழுந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது.

வேல்விழி பக்கத்தில் இருந்தவரிடம் பைனாகுலரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். கவிப்பிரியா முன்னே வந்தாள். துப்பாக்கியைத் தோளில் சேர்த்தாள். "புல்!"

தட்டு எழுந்தது. முதல் குழல் வெடித்தது. தப்பியது! கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டாம் குழல் வெடித்தது. கூட்டம் ஓவென்று எழுந்தது. நடேசன் வேட்டி தடுக்க எழுந்து நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

வேல்விழி இன்னும் பைனாகுலரை இறக்கவில்லை.

"ஏங்க, விழுந்துச்சா? தட்டு உடைஞ்சிச்சா?"

மகாராஜா அவளை விநோதமாகப் பார்த்தான். "நீ பாக்கலியா? இத்தன பேரு கத்துதாங்க, நீ எங்கட்டி பாத்துக்கிட்டு இருந்த?"

"பட்டையப் பாத்தேன். ரெண்டு வெடிக்கும் அசையலங்க! ஒரு இம்மி அசையல!"

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசையே திரும்பியது. அதற்குள் கவிப்பிரியா துப்பாக்கியை முறைப்படி திறந்து, காலி என்று நடுவரிடம் காட்டி, மேஜையில் வைத்துவிட்டு ஓடி வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு வேல்விழியைக் கட்டிக்கொண்டாள். வேல்விழிக்கு அவள் யூனிபார்ம் இல்லாமல் வேறு யாரோ போலத் தெரிந்தாள். மாநில அணிக்குக் கடைசி இடம். கடைசியானால் என்ன, இடம் இடம்தான்.

திங்கட்கிழமை வசந்தகுமார் பட்டறைக்கு வந்த முதல் வாடிக்கையாளரிடம், "நம்ம வேல்விழி துப்பாக்கி வேலை கூட பார்ப்பாங்க சார்" என்று ஆரம்பித்து, போலீசைப் பற்றித் தான் பயந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வேல்விழியின் போன் அடித்தது. பகலவன்தான்.

"அம்மா, இங்க ஒருத்தர் வந்திருக்காரு. அவரு வூட்டு கிராமபோன் பெட்டியில ஊசி மாட்டுற கை ஒடிஞ்சு போச்சாம். காகிதம் மாதிரி மெல்லிசு. யாரும் தொட மாட்டேன்றாங்க. உன்னால..."

"கொண்டு வரச் சொல்லுங்க!" என்றாள் வேல்விழி. "இப்பவே வரச் சொல்லுங்க. மைக்ரோஸ்கோப்பத் தொடச்சு வைக்கேன்."